ஒலிம்பியாவின் அளவுகோல்

பேராசிரியர் ஒலிம்பியா சிர்பு உருவாக்கிய அளவுகோலை ருமேனியா முழுவதும் பயன்படுத்தப் போவதாக அமைச்சகம் அறிவித்த செய்தி, எங்கள் பல்கலைக்கழகத்துச் சமூகப்பணித் துறைக்குச் சாதனை நாளன்று காலையில் வந்து சேர்ந்தது. அந்த விழாவை ஆண்டுதோறும் மார்ச் முதல் தேதி வைப்போம். வசந்தம் பிறக்கும் நாள் என்பதால் பெண்கள் எல்லோரும் வழக்கப்படி சட்டையில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலைக் குத்திக்கொண்டு வருவார்கள். யாருடைய கட்டுரை எந்த இதழில் வந்தது, யாருக்கு எங்கிருந்து நிதி கிடைத்தது என்று துறைத்தலைவர் புஸ்துகான் வாசித்துக்கொண்டே போவார். நாங்கள் கைதட்டிக்கொண்டே, பின்மேசையில் முட்டைக்கோஸ் சுருள்கள் ஆறுகின்றனவே என்று கவலைப்படுவோம்.

அன்று புஸ்துகான் தாளை மடித்து வைத்துவிட்டுப் பேசினார்.

"நம்ம துறையோட வேலை இந்த நாட்டுல ஒவ்வொரு மாவட்டத்துக்கும் போகப்போகுது. இனிமே ஒரு குழந்தையை வீட்டுல விடலாமா, எடுக்கணுமான்னு யாரும் மனசுக்குத் தோணினபடி முடிவெடுக்க முடியாது. எழுந்திரிங்க ஒலிம்பியா, எல்லாரும் உங்களைப் பாக்கட்டும்!"

ஒலிம்பியா எழுந்தார். ஒல்லியான உயரமான பெண்மணி, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். சிகரெட்டால் கரகரத்துப்போன குரலில், "பாதியைத்தான் எடுத்திருக்காங்க புஸ்துகான்" என்றார்.

"மீதி பின்னால வரும். முதல்ல உள்ள போகட்டும்."

எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். நான் சில்வியு, அந்தத் துறையில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன். ஒலிம்பியாவும் நானும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு வந்த பதில்களைக் கணக்கிட்டுக் கொடுத்தது நான்.

அந்த அளவுகோல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பேராசிரியர் ஆவதற்கு முன் ஒலிம்பியா மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அங்கே அதிகாரியின் மனநிலைப்படிதான் எல்லாம் நடந்தது. ஒருத்தருக்கு வீட்டில் வெங்காய வாசனை அடித்தால் போதும், குழந்தையைத் தூக்கிவிடுவார். இன்னொருத்தர், தகப்பன் ஊற்றிக்கொடுத்த பிளம் சாராயத்தைக் குடித்துவிட்டு, உடம்பெல்லாம் காயமான குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு வருவார். இதைப் பார்த்துப் பார்த்து மனம் வெதும்பித்தான் அவர் ஆராய்ச்சிக்கு வந்தார். ஏழைக் குடும்பங்களின் சமையலறைகளில் உட்கார்ந்தே பல குளிர்காலங்களைக் கழித்தார். எந்த வீட்டில் குழந்தைக்கு ஆபத்து, எந்த வீட்டில் வெறும் வறுமை மட்டும் என்று பிரித்தறிய, குறை கூடக் கூட மதிப்பெண் ஏறும் கேள்விகளை உண்டாக்கினார். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், குறை இருந்தால் அலுவலகம் என்ன உதவி செய்ய வேண்டும் என்றும் எழுதினார். அடுப்பு இல்லையென்றால் அடுப்பு. பார்த்துக்கொள்ள ஆளில்லையென்றால் ஓர் ஆள். உதவி செய்த பிறகும் மதிப்பெண் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் மட்டுமே குழந்தையை எடுப்பது பற்றிப் பேச வேண்டும்.

அமைச்சகம் கேள்விகளையும் சிவப்புக் கோட்டையும் எடுத்துக்கொண்டது. உதவி என்ற பத்தியை விட்டுவிட்டது.

விழாவில் நார்சிசாவும் இருந்தாள். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் முதலாண்டு மாணவர்களிடம் பேச ஒலிம்பியா அழைத்து வருகிற பெண். ஆற்றோரத்தில் இருந்த அரசுக் குழந்தைகள் விடுதியில் வளர்ந்தவள். ஆராய்ச்சிக்காக ஒலிம்பியா முதன்முதலில் போன வீடுகளில் அவளுடையதும் ஒன்று. வாய் ஓயாது அவளுக்கு. ஒருமுறை வகுப்பில், விடுதியில் எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது என்று ஒரு மாணவி கேட்டபோது, "கஷ்டம் அங்க இருந்தப்போ இல்ல தங்கம், வெளிய வந்தப்புறம்தான். முப்பது பேர் நடுவுல தூங்கிப் பழகினவளுக்குத் தனி ரூம்ல தூக்கமே வரல. பக்கத்துல யாராவது குறட்டை விட்டாத்தான் வரும். அதுக்குன்னே ஒருத்தனைக் கட்டிக்கிட்டேன். அவன் என்னடான்னா குறட்டையையும் எடுத்துக்கிட்டு ஸ்பெயினுக்குப் போய்ட்டான்" என்றாள். வகுப்பே சிரித்து உருண்டது.

அவன் போனவன் போனவன்தான். அவளுக்கு மிஞ்சியது மகள் அமாலியா. அப்போது அந்தப் பெண்ணுக்கு ஐந்து வயது. விழாவில் இரண்டு கையிலும் கேக் துண்டு வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்து புகுந்து வந்தாள்.

"என்ன சார், இந்த அளவுகோல்ல என் வீடும் இருக்கு, தெரியுமில்ல?" என்று நார்சிசா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். "நாடு பூரா என்னை வச்சுத்தான் அளக்கப் போறாங்க."

"உன்னை வச்சு அளந்தா நாடே சிவப்புக்குப் போயிடும்டி" என்றார் ஒலிம்பியா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அடுத்த குளிர்காலத்தில் நார்சிசா குடியிருந்த அறையை வீட்டுக்காரர் விற்றுவிட்டார். துறைமுகத்துக்குப் பின்னால், மூடிப்போன கயிற்று ஆலையின் பழைய தொழிலாளர் விடுதியில் ஓர் அறை பிடித்தாள். தளத்துக்கு ஒரு கழிப்பறை. சூடேற்றும் குழாய்களை எப்போதோ வெட்டியெடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டிருந்தார்கள். ரொட்டித் தொழிற்சாலையில் அவளுக்கு அதிகாலை வேலை. அவள் கிளம்பிய பிறகு, பக்கத்து அறைக் கிழவி எழுந்து வரும்வரை குழந்தை தனியாகத் தூங்கும். ஒருநாள் அமாலியா பாலர் பள்ளிக்குக் கையுறை இல்லாமல், இருமலோடு போனாள். பள்ளித் தாதி குழந்தைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரியப்படுத்தினார். தாதி கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல, கையுறையாவது கொடுப்பார்கள் என்றுதான் சொன்னாராம்.

ஒலிம்பியாவும் நானும் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது நார்சிசா எங்கள் அறைக்குள் வந்தாள். கோட்டுப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், அமாலியாவைக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க."

"யாரு?"

"ஆபீஸ்காரங்க. உங்க ஸ்டூடன்ட்தான், அந்த உயரமான பையன், கொத்ரின். என் பேச்சைக் கேக்க வகுப்புல முன்வரிசையில உக்காந்திருப்பானே, அவன். ரொம்ப மரியாதையாத்தான் பேசினான். உங்க கேள்வியெல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைச் சொன்னேன். நீங்கதானே மேடம் சொல்லுவீங்க, மறைக்காத, உள்ளதைச் சொன்னாத்தான் என்ன உதவி வேணும்னு தெரியும்னு. குழந்தை தனியா இருக்குமா? இருக்கும், கொஞ்ச நேரம். வீட்டுல சூடு உண்டா? இல்ல. ராத்திரி சாப்பாடு இல்லாமப் படுத்ததுண்டா? ஒருவாட்டி, சம்பளம் வரலன்னு. நீங்க விடுதியில வளந்தவங்களா? அட, என்னைப் பாத்தா தெரியலையா தம்பி, உனக்கே வகுப்பு எடுத்திருக்கேனேன்னு சிரிச்சேன்." அவள் நிறுத்தினாள். "அவன் சிரிக்கல மேடம். கூட்டிப் பாத்தான். மறுபடியும் கூட்டிப் பாத்தான். அப்புறம் அமாலியாவோட துணியெல்லாம் எடுத்து வைங்கன்னான்."

ஒலிம்பியா கோட்டை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் டிராமில் ஏறிப் போனோம். அலுவலகத்துக்குள் நார்சிசாவை விடவில்லை. தனியாக விண்ணப்பித்து வர வேண்டும் என்றார்கள். அவள் வாசலில் நின்றுகொண்டாள்.

கொத்ரின் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். நாற்காலியை இழுத்துப் போட்டான். காபி சொன்னான். அவன் மேசைக்கு மேலே சுவரில் ஒலிம்பியாவின் புத்தக அட்டையின் படம் ஒட்டியிருந்தது.

"குழந்தை எங்க, கொத்ரின்?"

"பாதுகாப்பா இருக்கா மேடம். ஒரு வளர்ப்புக் குடும்பம். நல்லவங்க."

"அவளுக்கு அம்மா இருக்கா. வாசல்ல நிக்கிறா. உனக்கு அவளைத் தெரியும்."

"தெரியும் மேடம்."

"அவ எப்படிப்பட்ட தாய்னும் தெரியும்."

"தெரியும்." அவன் காபிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கதானே மேடம் சொல்லிக்கொடுத்தீங்க. தெரிஞ்சவங்க, பிடிச்சவங்கன்னு பாக்காதீங்க, மனசு சொல்றதை நம்பாதீங்க, வீட்டைப் பாருங்கன்னு. வீடு சிவப்புல இருக்கு."

"சிவப்புக்கு முன்னால உதவின்னு ஒண்ணு இருந்ததுடா! அடுப்பு கொடுத்தியா? விடிகாலையில பாத்துக்க ஆள் கொடுத்தியா?"

"எங்ககிட்ட அப்படி ஒரு பத்தியே இல்ல மேடம். அமைச்சகம் கொடுத்ததுல இல்ல."

"அப்ப அதிகாரி தன் பொறுப்புல முடிவை மாத்தலாம்னு கடைசில ஒரு வரி இருக்கே. அது இருக்கில்ல?"

கொத்ரின் எழுந்து கதவைச் சாத்தினான். "இருக்கு. சில மாசத்துக்கு முன்னால பக்கத்து மாவட்டத்துல ஒருத்தி அந்த வரியில கையெழுத்துப் போட்டா. நல்ல குடும்பம்தான்னு எழுதினா. அந்த வீட்டுல தீப்பிடிச்சுது. குழந்தை போயிடுச்சு. இப்ப அவ மேல வழக்கு நடக்குது. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா மேடம். மனசு என்கிட்டயும் இருக்கு. அதை நம்பிக் கையெழுத்துப் போட முடியல."

ஒலிம்பியா அவனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "காபி நல்லா இருந்தது" என்றார். அதை அவர் குடிக்கவே இல்லை.

வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தது. ஒலிம்பியா சாட்சி சொல்லப் போகிறார் என்று தெரிந்ததும் புஸ்துகான் எங்கள் அறைக்கு வந்து கதவோரத்தில் நின்றார்.

"ஒலிம்பியா, நான் தடுக்க வரல. ஆனா நீங்களே போய் உங்க அளவுகோல் தப்புன்னு சொன்னா, நாடு பூரா இருக்கிற வக்கீலெல்லாம் அதையே பிடிச்சுக்குவான். நிஜமாவே அடிவாங்கிச் சாகிற குழந்தைங்க இருக்கு. அதுங்களுக்கு யாரு?"

"தப்புன்னு சொல்லப் போறதில்ல."

"பின்ன என்ன சொல்லப்போறீங்க?"

"தெரியல" என்றார் ஒலிம்பியா.

நீதிபதி பொறுமையான பெண்மணி. நார்சிசா முடியை வாரிப் பின்னிக்கொண்டு, எங்கள் துறைச் செயலரிடம் இரவல் வாங்கிய கறுப்புச் சட்டையில் முன்வரிசையில் இருந்தாள். ஒலிம்பியா தெளிவாகத்தான் பேசினார். இந்தத் தாயைப் பல ஆண்டுகளாகத் தெரியும், குழந்தைக்கு அவள்மீது இருக்கும் ஒட்டுதலை நேரில் பார்த்திருக்கிறேன், இது வறுமையே தவிர ஆபத்து இல்லை என்றார். அலுவலகத்து வழக்கறிஞர் எழுந்தார். இளைஞர், குரலை உயர்த்தவே இல்லை.

"பேராசிரியர் அவர்களே, விடுதியில வளர்ந்த தாய்மார்கிட்ட குழந்தைக்கு ஆபத்து கூடுதல்னு உங்க புத்தகத்துல இருக்கு. அது உண்மைதானே?"

"உண்மை. மொத்தமாப் பாத்தா உண்மை. அவங்களுக்கு யாரும் உதவி செய்யாததால அப்படி."

"உண்மையா இல்லையாங்கறதுதான் கேள்வி. உண்மை. நன்றி. இந்தத் தாய் அந்த ஆராய்ச்சியில இருந்தவங்கதானே?"

"ஆமா."

"உங்களுக்கு நெருக்கமானவங்க?"

"ஆமா."

"நெருக்கமானவங்களைப் பத்தி அதிகாரி சொந்த அபிப்பிராயத்துல முடிவெடுக்கக் கூடாதுன்னு எழுதினவங்களும் நீங்கதானே?"

ஒலிம்பியா நீதிபதியின் பக்கம் திரும்பினார். "அந்த எண்ணெல்லாம் ஆயிரம் பேரைப் பத்திச் சொல்லுது. இவ ஒருத்தியைப் பத்தி அது எதுவும் சொல்லல."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "என் முன்னாடி தினமும் ஒருத்தர் ஒருத்தராத்தான் வராங்க, பேராசிரியர். யாருக்குத்தான் இதை நான் பயன்படுத்தணும்?"

ஒலிம்பியா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எத்தனையோ மாநாடுகளில் எத்தனையோ கேள்விகளுக்கு எழுந்து நின்று பதில் சொன்னவர், சாட்சிக் கூண்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நார்சிசா பின்னாலிருந்து, "விடுங்க மேடம், உக்காருங்க" என்று மெல்லச் சொன்னாள்.

குழந்தை வளர்ப்புக் குடும்பத்திலேயே இருக்கட்டும், தாயின் நிலைமை சீரானால் அளவுகோலை வைத்து மறுபடி பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

சீராக்கிவிடுவது என்று துறையே இறங்கியது. இதை நான் சொல்லியாக வேண்டும், யாரும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. முதியோர் பற்றி ஆராய்கிற ஒரு சக ஆசிரியை, இறந்துபோன தன் தாயின் வீட்டை நார்சிசாவுக்குத் திறந்துவிட்டார். சூடு வரும் வீடு, நிழல் மரங்கள் நிற்கும் தெரு. புஸ்துகானே பல்கலைக்கழக உணவகத்தில் பேசி அவளுக்குப் பகல் வேலை வாங்கிக் கொடுத்தார். மாணவர்கள் சுவருக்கு மஞ்சள் சாயம் அடித்தார்கள். ஒரு முதலாண்டுப் பையன் கட்டில் செய்து, அதன் தலைமாட்டில் அமாலியா என்று செதுக்கினான். நார்சிசாவுக்கு மறுபடி வாய் வந்துவிட்டது. சூப்பு ஊற்றும்போது, "பேராசிரியருக்கு ஒரு கரண்டி, ஆராய்ச்சி பண்ணாத பேராசிரியருக்கு அரைக் கரண்டி" என்று புஸ்துகானையே ஓட்டினாள்.

ஈஸ்டர் கழிந்து, மறு ஆய்வுக்கு முன்னால், ஒலிம்பியா அந்த வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஈஸ்டருக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டைகளை ஒரு தட்டில் வைத்து, குழந்தை வந்தால் வழக்கப்படி மோதி உடைக்கலாம் என்று நார்சிசா அப்படியே வைத்திருந்தாள்.

"கொத்ரின் வர்றதுக்கு முன்னால நாம ஒருவாட்டி பாத்துடுவோம்" என்றார் ஒலிம்பியா. அவர் செய்துகொண்டிருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. தான் செய்த அளவுகோலை ஏமாற்றச் சொல்லிக்கொடுக்க வந்திருந்தார். "வீட்டுல சூடு?"

"உண்டு!"

"தனியா விடுறியா?"

"ஒரு நிமிஷம்கூட இல்ல."

"சாப்பாடு இல்லாமப் படுத்ததுண்டா? இல்லன்னு சொல்லு."

"இல்ல. சத்தியமா இல்ல."

இப்படியே போனது. எல்லாம் பச்சை. ஒலிம்பியாவின் குரல் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. கடைசிக் கேள்விகளுக்கு வந்தபோது படிக்காமல் நிறுத்தினார்.

"என்ன மேடம்?"

"விடுதியில வளந்தது. அதை மாத்த முடியாது, அவங்க பதிவுலயே இருக்கு."

"தெரிஞ்சதுதானே. அது ஒண்ணோட போகட்டும்."

"இன்னொண்ணு இருக்கு." ஒலிம்பியா தாளை மேசையில் வைத்தார். "இந்தக் குழந்தையை இதுக்கு முன்னாடி அரசு எப்பவாவது எடுத்திருக்கா?"

நார்சிசா புரியாமல் என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"எடுத்தது அவங்கதானே?"

"ஆமா."

"அதுக்கு மார்க் எனக்கா?"

ஒலிம்பியா தாளைக் கவிழ்த்தார். நான் மனதுக்குள் கூட்டினேன். அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் வைக்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னவன் நான். வீடு, வேலை, சூடு, ஆள் எல்லாம் சரியாகியும், அந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்து அவளைக் கோட்டுக்கு மேலேயே வைத்திருந்தன. நூலிழைதான். ஆனாலும் மேலேதான்.

"சொல்லுங்க மேடம், அதுக்கு என்ன பதில் சொல்லணும்? நான் படிச்சுக்கிறேன்."

"அதுக்குப் பதில் இல்லம்மா."

ஒலிம்பியா அவளை 'அம்மா' என்று அழைத்து நான் அன்றுதான் கேட்டேன். நார்சிசா எழுந்து முட்டைத் தட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டு, "சூப்பு இருக்கு, சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

கொத்ரின் வந்தான். மஞ்சள் சுவரையும் கட்டிலையும் பார்த்து அவனுக்குக் கண் கலங்கியது என்று நார்சிசாவே சொன்னாள். கூட்டிப் பார்த்தான். அடுத்த ஆண்டு மறுபடி பார்க்கலாம் என்றான்.

கோடையில் அளவுகோலுக்காக ஒலிம்பியாவுக்கு ஒரு விருது அறிவித்தார்கள். அதை வாங்கிக்கொள்ளத் தலைநகர் புக்கரெஸ்ட் போனார். பதக்கத்துக்காகப் போகவில்லை, மேடையில் ஐந்து நிமிடம் பேசக் கிடைக்கும் என்பதற்காகப் போனார். அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள், உதவிப் பத்தியைத் திருப்பிச் சேருங்கள், இல்லையென்றால் இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்று பேசினார். நான் அரங்கில் இருந்தேன். நார்சிசாவைப் பற்றிப் பேர் சொல்லாமல் சொன்னபோது குரல் உடைந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அமைச்சக அதிகாரி ஒருவர் அருகில் வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தொட்டுட்டீங்க பேராசிரியர். உங்களை மாதிரி ஆட்கள் இருக்கிறதாலதான் உங்க அளவுகோலை நாங்க நம்பறோம்."

"எப்ப மாத்துவீங்க?"

"திருத்தம் பண்ணக் குழு போடுவோம். நீங்கதான் தலைமை தாங்கணும்."

குழு போட்டார்கள். அது கூடவில்லை. தேர்தல் வந்தது, அமைச்சர் மாறினார், அந்த அதிகாரியும் மாற்றலாகிப் போனார். ஒலிம்பியா தொலைபேசியில் பேசும்போதெல்லாம் புதிதாக ஓர் ஆள் எடுத்து, உங்கள் புத்தகத்தைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன் என்பார்.

அமாலியா இருந்தது சமவெளியில், சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே ஒரு கிராமத்தில். வளர்ப்புத் தாயின் பெயர் சவேத்தா. கொத்ரின் சொன்னது பொய்யில்லை, நல்லவர்கள்தான். மாதம் ஒருமுறை நார்சிசா மினி பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதலில் குழந்தை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கதறும், சவேத்தாதான் கையைப் பிரித்தெடுப்பாள். பிறகு பிறகு அழுகை குறைந்தது. ஒருநாள் நார்சிசா திரும்பி வந்து உணவகத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கு அவ அழவே இல்ல சார். டாட்டா காட்டிட்டு விளையாடப் போய்ட்டா" என்றாள். "நல்லதுதானே? நல்லதுதான், இல்ல?"

நான் நல்லதுதான் என்றேன்.

இலையுதிர் காலத்தில் அவள் முதலாண்டு வகுப்புக்கு வர மறுத்துவிட்டாள். "என்ன பேசறது மேடம்? சிரிக்க வைக்க வரல" என்றாளாம். அதற்குள் அவளோடு விடுதியில் வளர்ந்த ஒருத்தி இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அழைத்தாள். ஒலிம்பியா தடுத்தார்.

"நீ நாட்டை விட்டுப் போனா அதுவும் ஒரு கேள்வி நார்சிசா. தாய் பக்கத்துல இல்லன்னு இன்னும் கூடும்."

"கூடட்டும் மேடம். இங்க இருந்தும் கோட்டுக்கு மேலதான். அங்க போனா அவளுக்கு ஏதாவது சேத்தாவது வைப்பேன்." மஞ்சள் சுவர் வீட்டின் சாவியை எங்கள் மேசையில் வைத்தாள். "நீங்க அவளை அப்பப்ப பாத்துக்குங்க. உங்களை விட்டா எனக்கு யாரு?"

ஒலிம்பியா இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அடுத்த மார்ச்சில் சாதனை நாளன்று புஸ்துகான் மறுபடி அவர் பெயரை வாசித்தார். அளவுகோலை இன்னும் இரண்டு நாடுகள் எடுத்துக்கொண்டிருந்தன. ஒலிம்பியா விழாவுக்கு வரவில்லை. உறவினர் அல்லாதவர் சந்திக்க அனுமதி கேட்டுக் கொடுத்த விண்ணப்பம் தள்ளுபடியானதால், அனுமதி இல்லாமலே கிராமத்துக்குப் போயிருந்தார். விழா பாதியில் நான் நழுவிப் போய் அவரோடு சேர்ந்துகொண்டேன்.

சவேத்தா எங்களை விரட்டவில்லை. "அனுமதி இல்லாம உள்ள விட்டா எனக்குப் பிரச்சனை டீச்சரம்மா. வேலிக்கு அந்தப்பக்கம் நில்லுங்க. நான் எதையும் பாக்கல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அமாலியா ஓடி வந்தாள். வளர்ந்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. ஒலிம்பியா கைப்பேசியில் இத்தாலிக்கு வீடியோ அழைப்புப் போட்டு, வேலி இடுக்கு வழியாகக் கொடுத்தார்.

"தங்கமே! என்னடி பண்ற?" என்று நார்சிசாவின் குரல் கேட்டது. அவளுக்குப் பின்னால் யாரோ கிழவர் இத்தாலிய மொழியில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோழி குஞ்சு பொரிச்சிருக்கு" என்றாள் அமாலியா.

"ஐயோ, எத்தனை?"

"எண்ண முடியல, ஓடிக்கிட்டே இருக்கு. இரு, காட்டறேன்." கைப்பேசியைத் திருப்பிக் குஞ்சுகளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். அப்படியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மறுமுனையில் நார்சிசா, "அழகா இருக்குடி... இப்ப உன் மூஞ்சியைக் காட்டு... அமாலியா, மூஞ்சியைக் காட்டு தங்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒலிம்பியா கைப்பேசியைத் திருப்பிவிட வேலி வழியாகக் கையை நீட்டிப் பார்த்தார். எட்டவில்லை.